வராத அலைக்குக் காத்திருந்த கால்

முழங்கால் அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் பிறகு ஒழுங்காக நடக்க முடிந்ததா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். முடிந்தது. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் என் கால் நினைவுக்கு வருவதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொருவரின் கால்தான் வருகிறது. முதலில் அதன் சத்தம்.

மணமேல்குடி கடைத்தெருவில், செல்போன் கடைக்கும் ஐஸ் பெட்டிகள் விற்கும் கடைக்கும் நடுவில் என் தங்கை வசந்தாவின் பிசியோதெரபி நிலையம். ஒரே அறை. நடுவில் பச்சைத் துணித் திரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டில். ஒத்தடத்துக்கு உருக்கிய மெழுகின் வாசனையும் வாசலில் நிற்கும் மீன் வண்டியின் வாசனையும் மின்விசிறிக்கு அடியில் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் போவேன். பஸ்ஸில் ஏறுவது ஒரு வேலை, இறங்குவது அதைவிடப் பெரிய வேலை. நிலையத்துக்குப் போய்ச் சேரும்போதே அன்றைய பலம் தீர்ந்திருக்கும்.

வசந்தா என் தொடையில் பிசின் தடவிய இரண்டு வட்டுகளை ஒட்டி, அவற்றின் ஒயரை ஒரு சிறிய பெட்டியில் செருகுவாள். தசை சுருங்கினால் அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் பொரியும். நன்றாகச் சுருங்கினால் நிறைய, கொஞ்சமாகச் சுருங்கினால் கொஞ்சம். நான் பல்லைக் கடித்து இறுக்கினால், காய்ந்த சட்டியில் ஒற்றைக் கடுகு வெடித்தது போல ஒரு சத்தம் வரும். பிறகு ஒன்றும் வராது.

"இன்னும் இறுக்குங்கண்ணே."

"இறுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"மூஞ்சியத்தான் இறுக்குறீங்க. தொடை நல்லாத் தூங்குது."

அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத் தசை செத்துவிடுவதில்லை. வலிக்குப் பயந்து உடம்பு அதற்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. கெஞ்சிக் கெஞ்சித்தான் அதை மறுபடி எழுப்ப வேண்டும். வசந்தா இதைச் சொன்னபோது, செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வராமல் நின்றுபோன தொலைபேசி அழைப்புகளை நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகல், அதே பெட்டி திரைக்கு அந்தப் பக்கம் போனது. தகரக் கூரையில் திடீரென்று மழை பிடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்து திரையை விலக்கினேன்.

ஜெகதாப்பட்டினத்துக் கராத்தேக்காரர்

அவர் பெயரைக் குமரவேல் என்று வைத்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டிய வயது. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் வலை இழுப்பவர். கரையில் இருக்கும் சாயங்காலங்களில் கராத்தே பழகி, பழுப்பு பெல்ட் வரை வந்திருந்தார். கருப்பு பெல்ட்டுக்கான தேர்வில் ஒருமுறை தோற்றுவிட்டார். தொடையில் ஏதோ பிடிப்பு இருக்கலாம் என்று அவருடைய மாஸ்டர் இங்கே அனுப்பியிருந்தார்.

"தோத்ததுக்கு என்ன காரணம் சொன்னாங்க?" என்று வசந்தா கேட்டாள்.

"ஒதைக்குப் பலம் இருக்குன்னாங்க, டாக்டரம்மா. ஆனா ஒதைக்கப் போறேன்னு தண்டோரா போட்டுட்டு ஒதைக்கிறியாம். எதிராளி டீ குடிச்சிட்டு வந்து தடுத்துருவானாம்."

"நான் டாக்டரம்மா இல்லப்பா. ஒதைங்க பாப்போம்."

தொடையின் முன்பக்கம் ஒரு சோடி வட்டு, பின்பக்கம் ஒரு சோடி. சுவரில் சாய்த்திருந்த பழைய மெத்தையை அவர் உதைத்தார். மெத்தை மடங்கி விழுந்தது. பலத்தில் சந்தேகமில்லை. ஆனால் கால் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஸ்பீக்கரில் மழை பிடித்துவிட்டது.

வாசலோரப் பெஞ்சில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமரவேலின் மனைவி சித்ரா. உதையை அவர் பார்க்கவில்லை. வசந்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணிக்கை மட்டும் மாறும் செய்தி

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது.

என்னைப் போல இந்தக் கரையில் செய்தியாளனாக இருந்தவன் ஒரு செய்தியைப் பலமுறை எழுதியிருப்பான். எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டது, இத்தனை பேர் கைது, உறவினர்கள் கவலை. எண்ணிக்கையையும் ஊரையும் மாற்றினால் போதும். கடைசி ஆண்டுகளில் பஸ்ஸில் வரும்போதே மனதில் எழுதி முடித்துவிடுவேன்.

அப்படிப் பிடிபட்ட ஒரு படகில் குமரவேலும் இருந்தார். அக்கரையில், இலங்கைச் சிறையில் சில வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பினார். படகு திரும்பவில்லை. அவர் வேறு படகில் ஏறினார். அதைத் தவிர வேறு வேலை தெரியாது.

"கரையில கூட்டமா நிப்பாங்க சார்," என்று சித்ரா ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒருத்தர் போன்ல கேட்டுக் கேட்டுப் பிடிபட்டவங்க பேரு சொல்லுவாரு. எம் வீட்டுக்காரர் பேரு வர்றவரைக்கும் வரக் கூடாதுன்னு வேண்டணும். வந்த பெறகு, சரி, உசுரோட இருக்காருன்னு கும்புடணும். ரெண்டும் ஒரே வாயால. இன்னொரு தடவ என்னால ஆகாது."

அறந்தாங்கிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கராத்தே ஆசிரியர் வேலை இருந்தது. தாளாளர் இவரை நேரில் பார்த்துப் பேசி, பிடித்துப்போய், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கருப்பு பெல்ட் இருக்க வேண்டும். சித்ராவுக்கு அது தன் வீட்டுக்காரர் கடலை விட்டு இறங்குவதற்கான ஏணியாகத் தெரிந்தது. ஏணியின் ஒரு படி அவர் தொடையில் சிக்கியிருந்தது.

தசை செய்யும் இரண்டு வேலை

கராத்தே காலுக்குப் பலம் தருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வசந்தா சிரித்தாள்.

"பலம் மூட்டை தூக்குனாலும் வரும்ணே. சண்டைப் பயிற்சி சொல்லிக்குடுக்குறது நேரம். எந்தத் தசை எப்பச் சுருங்கணும், எது எப்ப விடணும்."

அவள் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். உதைக்கும்போது முன்தொடை சுருங்கி முட்டியை நீட்டுகிறது. அந்த நேரத்தில் பின்தொடை விட்டுக்கொடுக்க வேண்டும். கால் முழுக்க நீளும் தறுவாயில் மட்டும் அது சட்டென்று பிடித்து நிறுத்த வேண்டும், முட்டியைக் காப்பாற்ற. பழகாதவர் இரண்டையும் சேர்த்தே இறுக்குவார். ஒரே வண்டியை இரண்டு மாடும் எதிரெதிராக இழுத்தது போல. பழகப் பழக இடையில் ஓர் அமைதி உண்டாகிறது. வேகம் அந்த அமைதியில்தான் இருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு வாடிவாசல்கள் நினைவுக்கு வந்தன. தைக்குப் பிறகு சில மாதங்கள் இந்த மாவட்டத்தில் செய்தியாளனுக்கு வேறு வேலை கிடையாது. புகைப்படக்காரர்கள் திமிலையும் அதைத் தழுவும் கையையும் எடுப்பார்கள். வெயிலில் கம்பிக்குப் பின்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வீரர்களின் கால்கள்தான் கண்மட்டத்தில் தெரியும். முட்டியை விறைத்து நின்றவர்களை மாடு தூக்கி எறிந்தது. பிடித்தவர்களின் கெண்டைக்கால் மாடு வரும்வரை தொங்கும் துணி போல இருந்தது. ஒரு கணம் இறுகியது. உடனே விட்டது. அதை எந்தச் செய்தியிலும் எழுத இடம் இருந்ததில்லை.

குமரவேல் பழகாதவர் இல்லை. ஆண்டுக்கணக்கில் பயிற்சி. ஆனாலும் அவர் பின்தொடை ஓயவில்லை.

"ஏன் இறுக்கிப் பிடிக்கிறீங்க?"

"நான் பிடிக்கலயே, டாக்டரம்மா."

"ஒங்களுக்குத் தெரியாமப் பிடிக்கிது."

திரும்பத் திரும்ப உதைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றே நடந்தது. முட்டி மிக லேசாக மடங்கும். கால் விரல்கள் சிமெண்ட் தரையைக் கவ்வும். ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் உதை. பயம் இல்லை, தயக்கம் இல்லை. எதற்கோ காத்திருக்கிற நிதானம்.

பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இது ஒதைக்கு மட்டும் இல்லீங்க," என்றார் சித்ரா. "வீட்டு வாசப்படி தாண்டயிலயும் இப்படித்தான். நின்னு, ஒரு யோசன பண்ணிட்டுத்தான் காலத் தூக்குவாரு. கல்யாணமான புதுசுல, அடடா எவ்ளோ பக்தி, நெலைப்படிக்குச் சாமி கும்புட்டுட்டுத் தாண்டுறாருன்னு எங்க அம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன்."

"ஏய், சும்மா இரு."

"கக்கூஸ் வாசல்லயும் நின்னாரு. அப்பத்தான் இது பக்தி இல்லன்னு புரிஞ்சிச்சு."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். குமரவேல் மட்டும் சிரிக்கவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"போட்டுல ஒரு காலத் தூக்கணும்னா அலை ஏறி எறங்குற வரைக்கும் பொறுக்கணும். போட்டு மட்டத்துக்கு வரும். அப்பத்தான் தூக்கணும். முந்திட்டா வலையோட சேந்து உள்ள போயிருவோம்."

ஸ்பீக்கர் லேசாகப் பொரிந்துகொண்டே இருந்தது. அந்த அறையில், சிமெண்ட் தரையின் மேல், அவர் கால் அலைக்குக் காத்துக்கொண்டிருந்தது.

தடைக்காலம்

கண்டுபிடித்ததால் கால் மாறிவிடவில்லை. வசந்தாவின் வேலை அதன் பிறகுதான் தொடங்கியது.

நல்ல வேளையாக அப்போது மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் எல்லாம் கரையில் நின்று வண்ணம் பூசிக்கொண்டன. குமரவேலின் காலுக்கு அடியில் வாரக்கணக்கில் தரை மட்டும் இருந்தது. பின்தொடையின் ஸ்பீக்கரை அமைதியாக வைத்திருப்பதுதான் பயிற்சி. உதைக்காமல் நிற்கவே முதலில் பழகினார். முட்டியைத் தளர்த்தி, மூச்சை விட்டு, சத்தம் ஓயும்வரை. ஓய்ந்ததும் வசந்தா கைதட்டுவாள். கை தட்டியதும் உதை.

வெயில் காலம். மின்சாரம் போகும், பெட்டியின் பேட்டரி ஓடும், மூவரும் வியர்த்துக்கொண்டு ஒரு தொடையின் மௌனத்துக்காக உட்கார்ந்திருப்போம். பல நாள் ஒன்றும் நடக்காது. அவர் வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, "நாளைக்கி வாரேங்க" என்று போவார். போகும்போது படியில் நிற்பார். நாங்கள் பார்க்காதது போல இருப்போம்.

என் தொடையில் அதற்குள் இரண்டு மூன்று கடுகு சேர்ந்தாற்போல வெடிக்கத் தொடங்கியிருந்தது. "ஒங்க ரெண்டு பேரையும் கலக்கி ரெண்டாப் பங்கு வச்சாத் தேவல," என்பாள் வசந்தா. "ஒருத்தருக்குச் சுருங்கல, ஒருத்தருக்கு விடல."

ஒருநாள் சத்தம் மாறியது. அமைதி. ஒரு வெடிப்பு. நடுவில் மறுபடி அமைதி. கடைசியில் சின்னதாக ஒரு பிடிப்பு. மெத்தை மடங்கிய பிறகுதான் அவர் உதைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அன்று வாசற்படியை நிற்காமல் தாண்டிப் போனார். பின்னால் வந்த சித்ரா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

தேர்வு தடைக்காலத்துக்குள் நடக்க வேண்டியது. தேர்வாளர் வர முடியவில்லை என்று தள்ளிப்போனது. அதற்குள் தடை முடிந்தது. முதல் நாள் கடலுக்கு வராவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்றார் படகு உரிமையாளர். அவர் மேல் குற்றமில்லை. தடைக்குப் பிறகு போகும் முதல் கடலில்தான் மீன் நிறையக் கிடைக்கும், ஆள் குறையாமல் போக வேண்டும். குமரவேல் கடலுக்குப் போனால் கால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயம். போகாவிட்டால் படகில் இடம் போய்விடும்.

"தேர்வுல தோத்தா ரெண்டும் இல்லியே, டாக்டரம்மா. ஒரு தடவ போனாக் கால் மறந்துருமா?"

"தெரியலப்பா," என்றாள் வசந்தா. "மறக்கும்னும் சொல்ல மாட்டேன், மறக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் போகவில்லை. படகுகள் கிளம்பிய காலையில், பழக்க தோஷத்தில் நானும் ஜெகதாப்பட்டினம் போயிருந்தேன். நொறுக்கிய ஐஸ் படகுகளுக்குள் சரிந்துகொண்டிருந்தது. டீசல் புகை. குமரவேல் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். அவருடைய படகிலிருந்து ஒருவர் கத்தினார்.

"என்னடா கராத்தே! நாங்க மீனப் பிடிச்சாரோம், நீ ஒதச்சு ஒதச்சுக் கருவாடாக்கு!"

இவரும் சிரித்துக் கையை ஆட்டினார். படகு துறைமுக வாய்க்காலைத் தாண்டும்வரை அவர் முட்டிகள் லேசாக மடங்கி நிமிர்ந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளைச் சீருடை

தேர்வு புதுக்கோட்டையில், ஒரு கல்யாண மண்டபத்தில். சித்ரா உள்ளே வரவில்லை. வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் கையைத் தட்டுவார், அந்த நொடியில் உதை விழ வேண்டும். குமரவேல் நின்றார். முட்டி அசையவில்லை, விரல்கள் கவ்வவில்லை. கை தட்டிய சத்தமும் உதை விழுந்த சத்தமும் ஒன்றாகவே கேட்டன. வசந்தா என் கையைக் கிள்ளினாள்.

தேறிவிட்டதைக் குமரவேல் வெளியே போய்ச் சொன்னபோது சித்ரா அழுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப இனி போட்டுக்குப் போக வேணாம்ல?" என்று மட்டும் கேட்டார். "வேணாம்" என்றார் அவர்.

பள்ளி வேலை கிடைத்தது. தாளாளர் பேச்சு மாறவில்லை. ஆனால் கராத்தே வகுப்பு வாரத்தில் சில நாள்தான் என்பதும், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதும் வேலையில் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. மழைக்காலம் தொடங்கும்போது சித்ரா தன் தோள்பட்டை வலிக்காக நிலையத்துக்கு வந்திருந்தார்.

"மறுபடி கடல்ல எறங்கிட்டாருங்க," என்றார், திரையைப் பார்த்துக்கொண்டு. "பழைய போட்டுலயே ஒரு ஆளு நின்னுட்டாரு. பள்ளிக்கூடம் இல்லாத நாளு கடலு. பாதிப் பயந்தான் கொறஞ்சிருக்கு."

வசந்தா அவர் தோளில் மெழுகைப் பூசினாள். வேறு என்ன செய்ய முடியும்.

ஆண்டு விழா

பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள். குமரவேல் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். தலைக்கு மேல் பந்தல், முன்னால் புழுதி மைதானம், அதற்குப் பின்னால் நடவு முடிந்த வயல். வசந்தாவும் வந்திருந்தாள்.

பேச்சுகளுக்குப் பிறகு கராத்தே. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாம் உள்ளூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். குமரவேல் முன்னால் நின்று குரல் கொடுத்தார்.

பிள்ளைகளின் முட்டிகள் ஒன்றுபோல லேசாக மடங்கின. கால் விரல்கள் புழுதியைக் கவ்வின. வரிசை முழுவதும் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு எல்லாக் கால்களும் சேர்ந்து எழுந்தன.

அடுத்த குரலுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். படகையே தொட்டிராத அத்தனை பிள்ளைகளும் அலை இறங்கும்வரை காத்திருந்து உதைத்தார்கள்.

"டிசிப்ளினப் பாத்தீங்களா சார்," என்றார் தாளாளர் என் காதருகே. "ஒரு கால் முந்தல."

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் சித்ரா இருந்தார். அவரும் பார்த்துவிட்டார் என்பது அவர் பையை இறுக்கிப் பிடித்த விதத்தில் தெரிந்தது. குமரவேலுக்குத் தெரியவில்லை. கால் செய்வது காலுக்குரியவருக்குத் தெரிவதில்லை.

விழா முடிந்து நான் மேடையிலிருந்து இறங்க வேண்டும். பலகையால் செய்த படிகள், கைப்பிடி இல்லை. மேலேயே நின்றேன். என் தொடையில் இன்னும் அந்தக் கடுகுச் சத்தம்தான். குமரவேல் ஓடி வந்து முழங்கைக்கு அடியில் கை கொடுத்தார். உள்ளங்கையில் வலைக் கயிறு அறுத்த தழும்பு சொரசொரத்தது. அது புதிது.

"நாளைக்கு விடியக் கடலுக்குப் போகணும் சார். அதான் சாப்பாட்டுக்கு இருக்க முடியல," என்றார்.

"பரவாயில்ல."

நான் காலை எடுக்கப் போனேன். அவர் கை அழுத்தி என்னை நிறுத்தியது.

"கொஞ்சம் இருங்க."

இருந்தேன். கீழே சித்ரா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப வைங்க," என்றார்.

வைத்தேன். என் முட்டி மடங்கிச் சரியவில்லை.